நிறத்துக்கு விலை

ஈரோட்டு மண்டியில், இது மருந்து என்று சொல்லி யாரும் மஞ்சள் வாங்கி நான் பார்த்ததில்லை. என் அப்பா அங்கே ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருகிற இடம் அந்த மண்டித் திண்ணைதான். வாங்க வருகிறவர் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளுவார். அதில் ஒரு விரலியை எடுத்துக் கல் தரையில் போடுவார். நன்றாகக் காய்ந்திருந்தால் கணீரென்று உலோகச் சத்தம் வரும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னொன்றைப் படக்கென்று ஒடித்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். நீளம், கனம், சத்தம், நிறம். இந்த நாலுதான் சோதனை. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு அதைவிடக் குறைந்த விலை. (நாமகிரிப்பேட்டைப் பக்கம் கிழங்கை உருண்டை என்பார்கள், பனங்காளி என்று மூன்றாவதாக ஒரு ரகமும் அங்கே உண்டு.) காயம் ஆறுமா, வீக்கம் வற்றுமா என்று அந்த இடத்தில் யாராவது கேட்டிருந்தால் ஆளை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

தெரியாமல் இல்லை. அதே வியாபாரி வீட்டில் பையனுக்குக் கால் பிசகினால் மஞ்சளும் உப்பும் புளியும் சேர்த்துக் கொதிக்க வைத்துச் சூடாகப் பற்றுப் போட்டிருப்பார்கள். அம்மை இறங்கிய உடம்புக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதில் என் அம்மாயிக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் அதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம். நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்ததும் கொஞ்சம்தான். மூட்டை மூட்டையாகப் போனது சமையலுக்கும் சாயத்துக்கும் குங்குமத்துக்கும். வேதியியல் வாத்தியாரான பிறகு இந்தச் சரக்கின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரையில் எனக்குத் தெளிவானது இதுதான்: மஞ்சளுக்குப் பெரும் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நிறத்துக்குத்தான் கொடுத்தார்கள். மருந்து என்ற பேச்சு விலைக்குள் நுழைந்தது என் வாழ்நாளில்.

மஞ்சள் எங்கள் பக்கம் நிலைத்ததற்குக் காரணம் தண்ணீர். பவானியில் ஆற்றைத் தடுத்து 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால், கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கோணிக் கோணிப் போகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். மட்டம் குறையாமல் மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏற வேண்டுமானால் வாய்க்கால் அப்படித்தான் போக வேண்டும் என்று பொதுப்பணித் துறையில் இருந்த என் நண்பர் சொல்வார்; எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும். அந்த வாய்க்கால் கரையில் நெல், கரும்பு, வாழையோடு மஞ்சளும் வழிவழியாக வந்தது. 1955இல் பவானிசாகர் அணை வந்து கீழ்பவானிப் பாசனம் திறந்ததும் பரப்பு கூடியது. சித்திரை, வைகாசியில் நட்டால் பொங்கலுக்குக் கொத்தாகப் பிடுங்கலாம். காய வைத்து விற்பதற்கான அறுவடை அதற்குப் பிறகு தொடங்கும்.

பிடுங்கிய மஞ்சளை அப்படியே காயப் போட முடியாது. கொப்பரையில் வேக வைக்க வேண்டும். அடுப்புக்குக் கரும்புச் சோகையும் மஞ்சள் தழையும். வெந்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து கூழாகிக் கெட்டிப்படும், பச்சை வாடை போகும், முளைக்கும் சக்தி சாகும், நிறம் கிழங்கு முழுக்கச் சமமாகப் பரவும். பழைய நாளில் சாணி கரைத்த தண்ணீரில் வேக வைக்கிற வழக்கமும் இருந்தது. விவசாய அலுவலர்கள் சொல்லிச் சொல்லி அதை நிறுத்தினார்கள். இப்போது நீராவி பாய்லரை வண்டியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வருகிறார்கள். வெயிலில் காய்ந்த மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றி மேல்தோலைத் தேய்ப்பது பாலிஷ். அதற்குப் பிறகு ஒரு வேலை உண்டு. கடைசியில் மஞ்சளுக்கே மஞ்சள் பூசுவார்கள். வேளாண் கையேடுகளில் அளவோடு இருக்கிறது: 100 கிலோவுக்கு 2 கிலோ மஞ்சள்தூள், கொஞ்சம் படிகாரம், அரைத்த ஆமணக்கு முத்து, சோடியம் பைசல்பேட், 30 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

அமிலம் எதற்கு என்று என் மாணவர்களைக் கேட்பேன். ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள் என்று துப்புக் கொடுப்பேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும். காரத்தில் சிவப்பு, அமிலத்தில் பளிச்சென்ற மஞ்சள். அந்த 30 மில்லி அமிலம் நிறத்தைப் பளிச்சென்று நிறுத்தத்தான். எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் சேர்த்து மஞ்சளைக் குங்குமமாக்குகிற வீட்டு வித்தையும் இந்த வேதியியலின் பக்கத்து வீடுதான். போரிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் மஞ்சள் தாள் வைத்திருந்தது அதனால்தான். லிட்மஸ் தீர்ந்துபோன வருடங்களில் வடிதாளை மஞ்சள் கரைசலில் நனைத்து, உலர்த்தி, கீற்றாக வெட்டிக் கொடுத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

துணிக்கும் அப்படித்தான். பருத்தியில் பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் ஒட்டாது. படிகாரம் போன்ற ஒரு பிடிப்பான் வேண்டும். மஞ்சளுக்கு அது வேண்டாம். நேரே பிடிக்கும். அந்தக் குணமுள்ள செயற்கைச் சாயம் கிடைக்க 1884 வரை, காங்கோ ரெட் வரும் வரை, உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. மஞ்சளின் குறை வெயில். மஞ்சள் தோய்த்த வேட்டியை நாலு நாள் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். இந்த வெளுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

1815இல் பாரிஸில் வோகெல், பெல்லத்தியே என்ற இருவர் மஞ்சளிலிருந்து நிறப்பொருளைப் பிரித்தார்கள். சில வருடங்கள் கழித்து சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த இருவரில் ஒருவர் இதே பெல்லத்தியே. பச்சிலைகளுக்குள் இருக்கும் ‘சாரம்’ எது என்று ஐரோப்பிய மருந்தாளர்கள் வெறியோடு தேடிய காலம் அது. ஆனால் மஞ்சளில் அவர்கள் தேடியது மருந்தையல்ல, நிறத்தை. பெயரும் நிறப்பொருள் என்றே எழுதப்பட்டது. அதன் மூலக்கூறு அமைப்பு தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டு போயிற்று. மிலோபெட்ஸ்கா, கொஸ்தனெட்ஸ்கி, லாம்பே என்ற போலந்து வேதியியலாளர்கள் 1910இல் அதை வெளியிட்டார்கள். 1913இல் அவர்களில் இருவர் ஆய்வகத்திலேயே செய்தும் காட்டினார்கள். நாம் குர்குமின் என்று சொல்லும் இந்த நிறப்பொருள் உண்மையில் மூன்று பொருள்களின் கூட்டு என்று 1953இல் நிறவரைவியல் முறையில் பிரித்துக் காட்டியவர் கே.ஆர். சீனிவாசன். நடுவில் மருத்துவம் இரண்டொரு முறை எட்டிப் பார்த்தது. 1937இல் லான்செட் இதழில் பித்தப்பை நோய்க்கு மஞ்சள் கொடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரை, 1949இல் நேச்சர் இதழில் குர்குமின் பாக்டீரியாவைத் தடுப்பதாக ஒரு குறிப்பு. இரண்டையும் அப்போது யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை.

திருப்பம் லக்னோவில். 1951இல் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியபோது அதற்குக் கிடைத்த கட்டிடம் கோமதி ஆற்றங்கரையில் நவாப்கள் வாழ்ந்த சத்தர் மன்சில் அரண்மனை. கும்மட்டங்களுக்குக் கீழே எலிக் கூண்டுகள். 1960களில் அங்கே ஒரு பெரிய வேலையை ஆரம்பித்தார்கள்: நாட்டுச் செடிகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து, சாறு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே மாதிரியான சோதனைகளில் போட்டுப் பார்ப்பது. வைத்தியச் சுவடியில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டார்களே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையத்தில்தான் ஸ்ரீமல், தவன் ஆகியோர் குர்குமினை எடுத்து 1971இல் முதல் அறிக்கையையும் 1973இல் முழுக் கட்டுரையையும் வெளியிட்டார்கள்.

வீக்கத்தை எப்படி அளப்பது என்பதை விளக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நாலும் சேர்ந்தால் அழற்சி என்பது பழைய ரோமானியர் எழுதி வைத்த இலக்கணம். இதில் எலியிடம் வலி எவ்வளவு என்று கேட்க முடியாது. சிவப்பைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் ஆளுக்கு ஆள் மாறும். வீக்கத்தை மட்டும் எண்ணாக்கலாம். 1962இல் ஒரு முறை வந்தது. செங்கடற்பாசியிலிருந்து எடுக்கிற காராஜீனன் என்ற பொருளை எலியின் பின்பாதத்தில் கொஞ்சம் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பாதம் உப்பும். பாதத்தை நீரிலோ பாதரசத்திலோ முக்கினால் எவ்வளவு மட்டம் ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் மதிப்பு. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க உலகமெங்கும் சேர்க்கிற அதே பாசிப்பொருள்தான் உலகத்தின் வீக்க மருந்துகளையெல்லாம் எடை போட்ட தராசும் ஆயிற்று.

லக்னோ முடிவு நேர்மையானது. அப்போது மூட்டுவலிக்குப் புகழ்பெற்றிருந்த ஃபீனைல்பியூட்டசோன் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இந்தத் திடீர் வீக்கத்தில் குர்குமின் அதற்குச் சமமாக வேலை செய்தது. நாட்பட்ட அழற்சிக்கான சோதனைகளில் பாதி அளவுதான். நஞ்சு அதைவிடக் குறைவு. ‘சமம்’ என்ற முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பாதி’ என்ற இரண்டாவது வரியை விட்டுவிட்டவர்கள் ஏராளம். மருந்துக் கடைகளில் கிடைக்கிற துண்டுப் பிரசுரங்களைப் பார்த்தாலே தெரியும். அந்த ஃபீனைல்பியூட்டசோன் எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பதாகத் தெரிந்து பின்னாளில் பல நாடுகளில் மனிதருக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 1971இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் ஏன் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தார்: உடம்பு புரோஸ்டாகிளாண்டின் செய்வதை அது தடுக்கிறது. அதற்கு 1982இல் நோபல் பரிசு. லக்னோவில் குர்குமின் வீக்கத்தைக் குறைப்பதைப் பார்த்தவர்களிடம் ‘ஏன்’ என்பதற்கு அப்படி ஒரு பதில் இல்லை. அந்தப் பதில் பின்னால் வரும்.

எலியிலிருந்து மனிதருக்கு வந்தது மெதுவாக. 1980இல் வெளியான ஓர் ஆய்வில் 18 மூட்டுவாத நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள். காலை விறைப்பு, நடக்கும் நேரம், மூட்டு வீக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆறு வருடம் கழித்து, குடலிறக்கம், விரைவீக்கம் ஆகியவற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஓரளவு பலன். 18 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைகூட ஆகாது. ஆனால் அன்றைக்கு, இரு தரப்புக்கும் எது மருந்து என்று தெரியாமல் நடத்திய முறையான சோதனை என்ற அளவில் அது பெரிய விஷயம்.

எனக்கு அந்த 1,200 என்ற எண்தான் உறுத்தியது. எங்கள் ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் 100 கிராமுக்கு இரண்டரையிலிருந்து நாலரை கிராம் வரை. நடுவாக மூன்றரை என்று வையுங்கள். 1,200 மில்லிகிராம் குர்குமின் வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 34 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். நம் வீட்டுக் குழம்பிலும் பொரியலிலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம் போனாலே அதிகம். அதில் இருப்பது 70 மில்லிகிராம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் முகம் மாறும். ‘அப்படீன்னா பாட்டி வைத்தியம் பொய்யா சார்?’ என்று ஒருத்தி கேட்டாள். பொய் என்று நான் சொல்லவில்லை. பாட்டி வீங்கிய இடத்தின் மேலேயே அரைத்துப் பூசினாள். காலுக்கு வேண்டியதை வயிறு வழியாக அனுப்பவில்லை. பூசுவதும் விழுங்குவதும் இரண்டு வைத்தியம். ஒன்றுக்குக் கிடைத்த சாட்சியை மற்றதற்குக் காட்டக் கூடாது என்றேன்.

வயிறு வழியாகப் போனால் என்ன ஆகிறது என்பதை 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பார்த்தார்கள். 2 கிராம் குர்குமின், அதாவது கிட்டத்தட்ட 57 கிராம் மஞ்சளுக்குச் சமம், வெறுமனே கொடுத்தால் இரத்தத்தில் கண்டுபிடிப்பதே சிரமம். குடலும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. பைப்பரின் என்பது மிளகின் காரம். சுமார் அரை கிராம் மிளகில் அவ்வளவு இருக்கும். சளிப் பாலில் மஞ்சளோடு மிளகுத்தூளும் போடுகிற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பூரித்துப் போனார்கள். பூரிப்பு நியாயம்தான். ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை இருபது மடங்கு பெருக்கினாலும் பெரிய தொகை வந்துவிடாது. மேலும், கல்லீரலின் கழிவு வேலையைத் தடுத்துத்தான் மிளகு இதைச் செய்கிறது. அந்தத் தடை மஞ்சளுக்கு மட்டும் என்று நின்றுவிடாது, கூடவே விழுங்குகிற வேறு மாத்திரைகளுக்கும் உண்டு.

இதற்கெல்லாம் நடுவில் வந்ததுதான் ஊரெல்லாம் அறிந்த அமெரிக்கக் காப்புரிமை வழக்கு. 1995 மார்ச் 28இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா ஒரு காப்புரிமை கொடுத்தது. எண் 5,401,504. மஞ்சள் பொடியைக் கொடுத்துக் காயத்தை ஆற்றும் முறை அதன் பொருள். கண்டுபிடித்தவர்களாகப் பெயர் கொடுத்த இருவரும் இந்திய வம்சாவளியினர்தான் என்பது பலருக்குத் தெரியாது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், மஷேல்கர் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில், 1996இல் இதை எதிர்த்து மறு ஆய்வு கேட்டது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்து 32 ஆதாரங்கள் போயின. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் அதில் சேர்ந்தது. 1997இல் காப்புரிமையின் எல்லா உரிமைக் கோரிக்கைகளும் தள்ளுபடி.

ஈரோட்டில் அன்றைக்கு மண்டிக்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது, சாப்பிட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பை இன்றுவரை எல்லோரும் தவறாகவே சொல்லி வருகிறார்கள். ‘மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று மேடையில் பேசுகிறார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒப்புக்கொண்டது அதையல்ல. இது புதிய கண்டுபிடிப்பல்ல, பழையது, முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். மஞ்சள் வேலை செய்கிறதா என்று அந்த வழக்கு விசாரிக்கவே இல்லை. நாம் ஜெயித்தது பழமையை நிரூபித்து. பலனை நிரூபிப்பது வேறு வேலை. அது எலிப்பாதத்திலும் நோயாளிக் கட்டிலிலும் நடக்கிறது. இந்த வழக்கின் உருப்படியான விளைவு 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்னூலகம். ஆயுர்வேதம், யுனானி, சித்த நூல்களிலுள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் காப்புரிமை அலுவலர்கள் தேடிப் பார்க்கும்படி அதில் ஏற்றி வைத்தார்கள். தமிழ்ச் சுவடிகளுக்கு அப்படி ஒரு வழியில் வெளிநாட்டு அலுவலகங்களில் இடம் கிடைத்தது.

‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் 1995தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆய்வகம் ஒன்று, குர்குமின் உயிரணுவுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைத் தட்டி எழுப்பவிடாமல் தடுக்கிறது என்று காட்டியது. அழற்சிக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்குகிற மேஸ்திரி அந்தப் புரதம். மேஸ்திரியைத் தடுத்தால் வேலையே நின்றுவிடும் அல்லவா? பிறகு கட்டுரைகள் மழையாகக் கொட்டின. புற்றுநோய், மறதிநோய், சர்க்கரை என்று குர்குமின் தொடாத வியாதி இல்லை. அந்த ஆய்வகத்தின் கட்டுரைகளில் கணிசமானவற்றைப் பின்னாளில் படங்கள் பற்றிய சந்தேகத்தால் இதழ்கள் திரும்பப் பெற்றன. அதற்காக எல்லாமே பொய்யாகிவிடாது. வேறு பல ஆய்வகங்களும் இதே திசையில் கண்டவை உண்டு. ஆனால் ஒரு வேதியியல்காரனாக எனக்கு உறைத்தது 2017இல் வந்த விமரிசனம்தான்.

மருந்து வேதியியல் இதழில் நெல்சனும் சகாக்களும் எழுதிய நீண்ட கட்டுரை அது. அவர்கள் சொன்னதில் முக்கியமானது: குர்குமின் ஒளிரும் பொருள், நிறமுள்ள பொருள், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், கட்டியாகச் சேரும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும். ஆய்வகத்தில் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற கருவிகள் பெரும்பாலும் நிறமாற்றத்தையோ ஒளிர்வையோதான் அளக்கின்றன. அங்கே இதைப் போட்டால் இதன் நிறமே கருவியை ஏமாற்றும். வேலை செய்யாத இடத்திலும் செய்ததாகக் காட்டும். இன்னொன்று, உடம்பின் காரத்தன்மையில், 37 டிகிரி சூட்டில், வெறும் கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிறது. வெயிலில் வெளுத்த வேட்டியைச் சொன்னேனே, அந்த நிலையாமையின் இன்னொரு முகம் இது. முறையாக நடத்திய மனிதச் சோதனைகளில் எதுவும் தெளிவாக ஜெயிக்கவில்லை என்று அவர்கள் முடித்தார்கள். அது கொஞ்சம் கடுமை என்பது என் எண்ணம். தாய்லாந்தில் 2014இல் வெளியான ஆய்வில் முழங்கால் தேய்மானமுள்ள 367 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம், மறு பாதிக்கு ஐபுபுரோஃபன் 1,200 மில்லிகிராம் என்று நாலு வாரம் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் மஞ்சள் பின்தங்கவில்லை. வயிற்று உபாதை குறைவு. வெற்று மாத்திரை கொடுத்த மூன்றாவது அணி இல்லை என்பது அதன் ஓட்டை. மூட்டுவலிக்கு ஓரளவு உதவலாம், அதற்கு மேல் கேட்பவர்கள் சாட்சி கொண்டுவரட்டும் என்பதில் நான் நிற்கிறேன்.

மண்டிக்குத் திரும்புகிறேன். கொச்சிப் பக்கத்துச் சாறு எடுக்கும் ஆலைகள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் ‘எத்தனை பர்சன்ட்?’ என்ற கேள்வி ஈரோட்டில் காதில் விழுந்தது. சத்தம், ஒடிப்பு எல்லாம் போய், தூளை ஆல்கஹாலில் ஊற வைத்து 425 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கிற காலம் வந்தது. தெரிந்த வியாபாரிகள் சாம்பிள் பொட்டலத்தோடு கல்லூரி ஆய்வகத்துக்கே வருவார்கள். ‘ஏனுங்க சார், நாலு தாண்டுதுங்களா?’ என்பார்கள். வெறும் கண்ணுக்கு நல்ல நிறமாகத் தெரிந்தது கருவியில் குறைவாகவும், மங்கலாகத் தெரிந்த ஒன்று அதிகமாகவும் வந்ததைப் பார்த்து ஒருவர், ‘அப்ப எங்க தாத்தா காலத்துல இருந்து ஏமாந்துதான் வாங்கியிருக்கறமுங்களா?’ என்று கேட்டார். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் ஈரோட்டு நாட்டு மஞ்சளுக்கு எக்ஸ்-ரே கதிர் காட்டி, அதில் பிறழ்ந்து வந்தவற்றிலிருந்து பிஎஸ்ஆர் ரகங்களை எடுத்தார்கள். அதில் முதல் ரகத்துக்கு நாலுக்கு மேல் குர்குமின். மேகாலயத்து லக்கடாங் ஏழைத் தொடும் என்று கேள்விப்பட்டு எங்கள் ஆட்கள் பெருமூச்சு விட்டது உண்டு.

சதவீதம் வந்ததால் விவசாயிக்கு நிலையான விலை வந்துவிட்டதா என்றால் இல்லை. 2010–11இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. தோட்டத்துக்குத் தோட்டம் மஞ்சள் நட்டார்கள். 2012இல் 4,000 பக்கம் வந்து விழுந்தது. இதற்கும் குர்குமினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்துக்குப் போயிற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் உள்ளூர ஒரு புகைச்சல்.

நிறத்தின் மேல் இருந்த மோகம் எங்கும் எளிதில் போகவில்லை. வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட்டைப் பூசப் பழகினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்ல, அரசு கையும் களவுமாகப் பிடித்துத் தண்டிக்க, 2021இல் பூஜ்யம் ஆயிற்று. வாங்குகிறவர் கண் பளிச்சென்ற நிறத்தைத் தேடுகிற வரைக்கும் இந்தப் பூச்சுக்கு ஆள் இருப்பார்கள்.

விழுங்குகிற குர்குமினுக்கும் இப்போது ஒரு புகார் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கிற அமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் வந்ததாகப் பத்துப் பேரின் வரலாற்றை 2022இல் வெளியிட்டது. அவர்களில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. சிலர் உட்கொண்டதில் மிளகுச் சாரமும் சேர்ந்திருந்தது. குழம்பு மஞ்சளால் வந்தது அல்ல இது. பெங்களூர்க் கண்டுபிடிப்பை டப்பாவுக்குள் அடைத்து விற்றதன் விளைவு என்று நான் நினைக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் பழைய மாணவர்கள் போன் பண்ணி, ‘சார், அம்மாவுக்கு முட்டிவலி, 95 பர்சன்ட் கேப்சூல் வாங்கட்டுங்களா?’ என்று கேட்கிறார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கு என்கிறேன்.

அந்தக் கேப்சூலுக்குள் இருப்பது பெரும்பாலும் எங்கள் ஊர் ஏலத்தில் முதல் விலைக்குப் போன நீள விரலியாக இருக்காது. சாறு எடுக்கிற ஆலைக்கு விரலின் நீளமும் பாலிஷும் எதற்கு? கரைப்பானில் போட்டுப் பிழியப் போகிற சரக்கு. சதவீதம் சரியாக இருந்தால் உடைசலும் உருண்டைக் கிழங்கும் போதும். என் அப்பா பேரேட்டில் இரண்டாம் பத்தியில், குறைந்த விலையில் எழுதிய சரக்கு அது.